பென்டிரைவ் செருகியதையும் கழற்றியதையும் நிரல் அறிவதற்கு: விண்டோஸுக்கான முழுமையான வழிகாட்டி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு போட்டோ பிரிண்ட் கடைக்காக நான் எழுதிய நிரலுக்குத் தேவை எளியதாகத்தான் இருந்தது: வாடிக்கையாளர் பென்டிரைவையோ மெமரி கார்டையோ செருகியவுடன் படங்கள் திரையில் வர வேண்டும், வேலை முடிந்ததும் தடையில்லாமல் கழற்ற முடிய வேண்டும். செருகியதை அறியும் பகுதி ஒரே நாளில் முடிந்துவிட்டது. மற்றவையெல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தைத் தின்றன. அதன்பின் இதே வேலையைப் புதியவர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்தபோது, நான் விழுந்த அதே குழிகளில் அவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்தேன். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் குழிகளை வைத்து அமைத்தது. வரிசையை மாற்றினால் ஏன் சிக்கல் வரும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. மேசைமேல் முன்கூட்டியே இருக்க வேண்டியவை

ஒரே ஒரு பென்டிரைவை வைத்து எழுதிய நிரல் அந்த ஒரு பென்டிரைவுக்குத்தான் வேலை செய்யும். ஆகவே எழுதத் தொடங்கும் முன்பே சாதாரண பென்டிரைவ் இரண்டு, நான்கு துளைகள் கொண்ட கார்டு ரீடர் ஒன்று, யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் ஒன்று, ஃபார்மட் செய்யப்படாத பென்டிரைவ் ஒன்று, யுஎஸ்பி ஹப் ஒன்று, ஆண்ட்ராய்டு போன் ஒன்று ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும்.

நிரல்மொழி எதுவானாலும் பரவாயில்லை. விண்டோஸின் அடிப்படை அழைப்புகளைக் கூப்பிட முடிந்தால் போதும். நேரத்தை மில்லிசெகண்டு வரை குறித்து ஒரு கோப்பில் எழுதும் சிறிய பதிவு வசதியை முதலில் எழுதிவிடுங்கள். இந்த வேலையில் பிரேக்பாயின்ட் வைத்து நிறுத்திப் பார்ப்பது ஏமாற்றும். நீங்கள் நிறுத்தி வைத்திருக்கும் நேரத்தில் டிரைவ் தயாராகிவிடுவதால் பிழையே தெரியாமல் போகும்.

2. எதைக் கண்டறியப் போகிறோம் என்பதைத் தீர்மானித்தல்

ஒரு பென்டிரைவைச் செருகும்போது விண்டோஸில் மூன்று வெவ்வேறு பொருள்கள் பிறக்கின்றன. முதலில் யுஎஸ்பி சாதனம் தெரிகிறது. பிறகு அதன்மேல் ஒரு டிஸ்க் உருவாகிறது. கடைசியில் அந்த டிஸ்கின்மேல் வால்யூம், அதாவது கோப்புகள் இருக்கும் பகுதி, உருவாகி டிரைவ் எழுத்து கிடைக்கிறது. கோப்புகளைப் படிக்க வேண்டிய நிரலுக்கு மூன்றாவதுதான் தேவை. சாதனம் வந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு உடனே கோப்பைத் தேடுவதுதான் புதியவர்களின் முதல் பிழை: அப்போது டிரைவ் எழுத்தே பிறந்திருக்காது.

போன் இந்தக் கணக்கில் சேராது. ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் எம்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற முறையில் இணைவதால் அதற்கு டிரைவ் எழுத்தும் இல்லை, வால்யூமும் இல்லை. இந்த வழிகாட்டியில் உள்ள எதுவும் போனைக் காட்டாது. கடையில் பாதிப் பேர் போனோடுதான் வருவார்கள் என்பதால் இதை உரிமையாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

3. மெசேஜ் வாங்கும் விண்டோவை உருவாக்குதல்

வால்யூம் வந்தாலும் போனாலும் விண்டோஸ் எல்லா மேல்நிலை விண்டோக்களுக்கும் டிவைஸ்சேஞ்ச் என்னும் மெசேஜை அனுப்புகிறது. அதன் எண் 537. இது வேண்டும் என்று விண்டோஸிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. உங்கள் நிரலில் ஏற்கெனவே ஒரு பிரதான விண்டோ இருந்தால் அதுவே போதும்.

திரையில் எதையும் காட்டாத நிரலுக்குத்தான் இடறல். அதற்கு மெசேஜ் மட்டும் வாங்கும் தனிவகை விண்டோ இருக்கிறதே என்று பலர் அதை உருவாக்கிவிட்டு, மெசேஜே வரவில்லை என்று தலையைச் சொறிவார்கள். பெயர் அப்படி இருந்தாலும், எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படும் மெசேஜ் அந்த வகை விண்டோவுக்கு வராது. சாதாரண மேல்நிலை விண்டோ ஒன்றை உருவாக்கி, அதைத் திரையில் காட்டாமல் விட்டுவிடுங்கள். அந்த விண்டோவை உருவாக்கிய திரெட்டிலேயே (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைத் தொடர்) மெசேஜ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் மெசேஜ் லூப்பும் ஓட வேண்டும்.

இந்தப் படியிலேயே இன்னொன்றையும் செய்துவிட வேண்டும். நிரல் தொடங்கியவுடன் செட்எரர்மோட் அழைப்பில் 1 என்ற மதிப்பைக் கொடுங்கள். இல்லாவிட்டால் காலியான கார்டு துளையைத் தொடும்போது, டிரைவில் டிஸ்க் இல்லை, ஒன்றைப் போடவும் என்று ஒரு பெட்டி திரையின் நடுவில் வந்து நிற்கும். அதை யாராவது மூடும் வரை உங்கள் நிரலும் நிற்கும்.

4. முதலில் காத்திருப்பு, பிறகு கணக்கெடுப்பு

நிரல் தொடங்கும்போதே ஒரு பென்டிரைவ் செருகியிருக்கலாம். அதற்கு மெசேஜ் வராது என்பதால், இருக்கும் டிரைவ்களை நாமே எண்ண வேண்டும். கெட்லாஜிக்கல்டிரைவ்ஸ் அழைப்பு ஒரு முழு எண்ணைத் தரும். அதில் ஏ டிரைவுக்கு முதல் பிட், பி டிரைவுக்கு இரண்டாம் பிட் என்று 26 எழுத்துகளுக்கும் இடம் உண்டு.

இங்கே வரிசைதான் முக்கியம். விண்டோவை முதலில் உருவாக்கிவிட்டுப் பிறகு எண்ண வேண்டும். எண்ணிவிட்டு விண்டோவை உருவாக்கினால், இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரு நொடியில் செருகப்பட்ட டிரைவ் எண்ணிக்கையிலும் இருக்காது, மெசேஜாகவும் வராது. காலையில் கடையைத் திறந்து கணினியைப் போட்ட கையோடு பென்டிரைவைச் செருகுகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பிறகு அவர்கள் கழற்றிக் கழற்றிச் செருகுவார்கள். நான் சொன்ன வரிசையில் செய்தால் ஒரே டிரைவ் இரண்டு வழியிலும் தெரியலாம். அதனால் தீங்கில்லை, பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடலாம்.

5. மெசேஜைப் பிரித்துப் படித்தல்

537 வந்தவுடன் முதல் அளவுருவைப் பாருங்கள். நமக்கு வேண்டியவை இரண்டு: வந்துவிட்டது என்பதற்கு 32768, போய்விட்டது என்பதற்கு 32772. இவை தவிர 7 என்ற எண் அடிக்கடி வரும். சாதனங்களின் பட்டியலில் ஏதோ மாறியது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ஒரே ஒரு பென்டிரைவைச் செருகினாலே 7 பலமுறை வரும். அதை எண்ணி "பென்டிரைவ் வந்தது" என்று திரையில் காட்டிய நிரல், மவுஸைச் செருகியபோதும் அப்படியே காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் அளவுரு ஒரு முகவரி. 7 வரும்போது அது வெறும் பூஜ்யமாக இருக்கும். முதல் அளவுருவைச் சோதிக்காமல் நேரே அந்த முகவரியைப் படித்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடும். 32768, 32772 ஆகியவற்றுக்கு மட்டும் முகவரிக்குள் சென்று, தலைப்பகுதியிலுள்ள வகை எண் 2 தானா என்று பாருங்கள். 2 என்றால் வால்யூம். 3 என்றால் சீரியல் போர்ட் போன்றவை. 5 என்றால் சாதன இடைமுகம்.

வகை 2 ஆக இருந்தால் தலைப்பகுதியின் 12 பைட்டுகளுக்கு அடுத்த 4 பைட்டுகளில் டிரைவ் எழுத்துகளின் முகமூடி (நான்காம் படியில் பார்த்தது போல எழுத்துக்கு ஒரு பிட் கொண்ட எண்) இருக்கும். 16 என்றால் இ டிரைவ், 32 என்றால் எஃப், 64 என்றால் ஜி. முகமூடியில் ஒரே பிட்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு முதல் பிட்டோடு நிறுத்திவிடுவது பரவலான பிழை. ஒன்றுக்கு மேற்பட்ட பிட்கள் சேர்ந்தும் வரலாம் என்பதால் 26 இடங்களையும் சுற்றிப் பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்த 2 பைட்டுகள் கொடி. அதில் 1 இருந்தால் டிரைவ் ஏற்கெனவே இருந்தது, அதற்குள் இருக்கும் ஊடகம்தான் மாறியது என்று பொருள். கார்டு ரீடரில் கார்டைப் போடும்போது இது வரும். 2 இருந்தால் அது நெட்வொர்க் டிரைவ், விட்டுவிடலாம்.

6. மெசேஜுக்குள்ளேயே வேலை செய்யக் கூடாது

மெசேஜ் கிடைத்த இடத்திலேயே கோப்புகளைப் பட்டியலிடத் தோன்றும். செய்யாதீர்கள். நீங்கள் திரும்பும் வரை அனுப்பியவர் காத்திருக்க நேரிடலாம் என்பதோடு, உங்கள் விண்டோவும் உறைந்து நிற்கும். டபிள்யூஎம்ஐ (கணினியைப் பற்றிய தகவல்களைக் கேட்கும் விண்டோஸ் வசதி) போன்ற, காம் என்னும் விண்டோஸின் பொருள் இணைப்பு முறை வழியாகப் போகும் அழைப்புகளை இந்த மெசேஜுக்குள்ளிருந்து கூப்பிட்டால் அவை பிழை கொடுத்துத் திரும்பிவிடும். அதே வரி வேறிடத்தில் ஒழுங்காக ஓடுவதால் காரணம் புரியாமல் பலர் திணறுகிறார்கள்.

மெசேஜுக்குள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: முகமூடியையும் கொடியையும் நகலெடுத்துக்கொள்வது, 500 மில்லிசெகண்டுக்கு ஒரு டைமரைத் தொடங்குவது, திரும்பிவிடுவது. டைமர் ஓடும்போதே அடுத்த மெசேஜ் வந்தால் அதே டைமரை மீண்டும் முதலிலிருந்து தொடங்குங்கள். ஹப்பைச் செருகினால் அதிலுள்ள இரண்டு பென்டிரைவ்களுக்கும் அடுத்தடுத்து வரும் மெசேஜ்கள் இப்படி ஒரே கணக்கெடுப்பாகச் சுருங்கும்.

டைமர் முடிந்ததும் மெசேஜ் சொன்னதை அப்படியே நம்பாமல், கெட்லாஜிக்கல்டிரைவ்ஸை மறுபடி கூப்பிட்டுப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். மெசேஜ் என்பது கதவு தட்டும் ஓசை மட்டுமே. வாசலில் நிற்பது யார் என்பதைத் திறந்துதான் பார்க்க வேண்டும். அரை நொடிக்குள் யாராவது செருகிக் கழற்றியிருந்தால், மெசேஜ் இரண்டு வந்திருக்கும், டிரைவ் ஒன்றும் இருக்காது. கொடியில் 1 வந்த டிரைவ்களை மட்டும் எழுத்து மாறாவிட்டாலும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

7. டிரைவ் தயாரா என்று பார்த்தல்

டிரைவ் எழுத்து வந்துவிட்டதால் மட்டும் அது படிக்கத் தயார் என்று ஆகாது. தனித் திரெட்டில் கெட்வால்யூம்இன்ஃபர்மேஷனைக் கூப்பிட்டு, திரும்பும் பிழை எண்ணை வைத்து முடிவெடுங்கள்.

வெற்றி என்றால் அடுத்த படிக்குப் போகலாம். பிழை 21 என்றால் தயாராகவில்லை. 200 மில்லிசெகண்டில் தொடங்கி இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே ஐந்து முறை முயலுங்கள், அதற்கும் வராவிட்டால் காலித் துளை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிழை 1005 என்றால் டிரைவ் இருக்கிறது, அதன் கோப்பு முறைமை விண்டோஸுக்குப் புரியவில்லை. இதற்கு எத்தனை முறை முயன்றும் பயனில்லை, "இந்தப் பென்டிரைவைப் படிக்க முடியவில்லை" என்று உடனே காட்டிவிட வேண்டும். இரண்டு பிழைகளையும் ஒன்றாக்கிப் பத்து நொடி சுழலவிடும் நிரல்கள் உண்டு. கவுன்டரில் நிற்பவருக்குப் பத்து நொடி மிக நீளம். அதற்குள் அவர் பென்டிரைவைக் கழற்றி வேறு துளையில் செருகியிருப்பார்.

பதிவுக் கோப்பில் ஒரு நல்ல செருகல் ஏறத்தாழ இப்படி இருக்கும்: 10:42:07.110-இல் எண் 7; 10:42:07.480-இல் மறுபடி 7, 10:42:08.020-இல் 32768, வகை 2, முகமூடி 32, கொடி 0, 10:42:08.530-இல் கணக்கெடுப்பு, புதியது எஃப், 10:42:08.560-இல் பிழை 21, 10:42:08.770-இல் வெற்றி. உங்கள் பதிவில் கடைசி இரண்டு வரிகளுக்கு இடைவெளியே இல்லாமல் இருந்தால், அது உங்கள் பென்டிரைவ் வேகமானது என்பதற்கு மட்டுமே சான்று.

8. அகற்றக்கூடியது எது என்று பிரித்தல்

கெட்டிரைவ்டைப் அழைப்பு பென்டிரைவுக்கு 2 என்றும், உள் ஹார்டு டிஸ்குக்கு 3 என்றும், நெட்வொர்க் டிரைவுக்கு 4 என்றும், சிடி டிரைவுக்கு 5 என்றும் சொல்லும். 2 மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் கல்யாண வீடியோக்காரர் கொண்டுவரும் யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் கண்ணில் படாது. ஏனென்றால் அதற்கும் 3 தான் வரும்.

ஆகவே 3 வந்தால் அது எந்த வழியாக இணைந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். டிரைவைப் படிக்கும் உரிமையோ எழுதும் உரிமையோ கேட்காமல், அணுகல் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துத் திறந்தால் நிர்வாகி அனுமதி தேவைப்படாது. திறந்ததும் கிடைக்கும் ஹேண்டிலில் (திறந்த பொருளைக் குறிக்க விண்டோஸ் தரும் எண்) சேமிப்புப் பண்புகளைக் கேட்கும் கட்டளையை அனுப்பினால் பஸ் வகை, அதாவது இணைப்பின் வகை, கிடைக்கும்: 7 என்றால் யுஎஸ்பி, 12 என்றால் எஸ்டி கார்டு. கேட்டு முடித்தவுடன் ஹேண்டிலை மூடிவிடுங்கள்.

9. அடையாளம்

டிரைவ் எழுத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளக் கூடாது. முதல் வாடிக்கையாளர் எஃப் டிரைவைக் கழற்றிக்கொண்டு போனதும் அடுத்தவருடைய பென்டிரைவுக்கு அதே எஃப் கிடைக்கும். பழைய படங்களின் பட்டியல் நினைவில் இருந்தால் ஒருவர் குடும்பப் படம் இன்னொருவர் திரையில் வரும். டிரைவின் பெயரும் உதவாது, பெரும்பாலானவற்றுக்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள்.

ஃபார்மட் செய்யும்போது எழுதப்படும் வால்யூம் சீரியல் எண்ணையும் மொத்தக் கொள்ளளவையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்துக்கொள்ளலாம். அச்சு அசலாக நகலெடுக்கப்பட்ட பென்டிரைவ்களில் சீரியல் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், ஒவ்வொரு செருகலுக்கும் நிரல் தானே ஒரு வரிசை எண் கொடுத்து, பட்டியல்களை அந்த எண்ணோடு கட்டி வைப்பதே பாதுகாப்பு. கழற்றியதும் அந்த எண்ணுக்கு உரிய எல்லாவற்றையும் அழித்துவிடலாம்.

10. கோப்புப் பெயர்கள்

எங்கள் எல்லைப் பகுதியில் ஒரே பென்டிரைவில் தமிழ்ப் பெயருள்ள கோப்புறையும் மலையாளப் பெயருள்ள கோப்புறையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் அழைப்புகளில் பெயர் ஏ என்று முடியும் பழைய வடிவமும், டபிள்யூ என்று முடியும் யூனிகோடு வடிவமும் உண்டு. இந்த இரு மொழிகளுக்கும் விண்டோஸில் பழைய வகை எழுத்துப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் அட்டவணை) கிடையாது. ஆகவே ஏ வடிவத்தில் பட்டியலிட்டால் பெயர்களின் இடத்தில் கேள்விக்குறிகளே வரும். அந்தக் கேள்விக்குறிப் பெயரை வைத்துத் திறக்க முயன்றால் கோப்பு திறக்காது. இதைப் பென்டிரைவின் கோளாறு என்று நினைத்து வாடிக்கையாளரைத் திருப்பியனுப்பியதும் நடந்திருக்கிறது. தொடக்கம் முதலே டபிள்யூ வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

கோப்புறைகள் மறைந்து குறுக்குவழிகள் மட்டும் தெரியும்படி செய்யும் வைரஸ் பிடித்த பென்டிரைவ்களும் பிரிண்ட் கடைகளுக்கு வரும். மறைக்கப்பட்டவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்களும் பிடிஎஃப்களும் தவிர வேறெதையும் திறக்காதீர்கள்.

11. கழற்ற விடுதல்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கடையில் நிரலை நிறுவிய மூன்றாம் நாள் கவுன்டரில் இருந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, பிரிண்ட் எல்லாம் நல்லா வருதுங்க. ஆனா பென்டிரைவைக் கழற்ற விட மாட்டேங்குதே!" பாதுகாப்பாகக் கழற்றும் குறியைச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும், சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்ற பெட்டி வந்தது. நிரலை மூடினால் உடனே கழற்ற விட்டது. ஆகவே குற்றவாளி என் நிரல்தான். ஆனால் நான் திறந்த கோப்புகள் எல்லாவற்றையும் மூடியிருந்தேன்.

இரண்டு நாள் தேடியபின் காரணம் தெரிந்தது. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமான உரையாடல் பெட்டியில் ஒருவர் எஃப் டிரைவுக்குள் சென்று ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால், அந்தப் பெட்டி உங்கள் நிரலின் நடப்புக் கோப்புறையையே எஃப் டிரைவுக்கு மாற்றிவிடுகிறது. நடப்புக் கோப்புறை என்பதும் விண்டோஸின் கணக்கில் திறந்திருக்கும் ஒரு ஹேண்டில். பெட்டி மூடிய பிறகும் அது அப்படியே இருக்கும். உரையாடல் பெட்டி திரும்பியவுடன் செட்கரண்ட்டைரக்டரியைக் கூப்பிட்டு நடப்புக் கோப்புறையை நிரல் நிறுவப்பட்ட இடத்துக்கே திருப்பிவிடுங்கள். ஒரே வரிதான்.

இதே வகையில் இன்னும் இரண்டு ஒளிந்திருக்கும். டாட்நெட்டில் கோப்பிலிருந்து படத்தை நேரே ஏற்றும் வசதி, அந்தப் படப் பொருள் விடுவிக்கப்படும் வரை கோப்பைப் பூட்டியே வைத்திருக்கும். முன்னோட்டப் படம் திரையில் தெரியும் வரை பென்டிரைவ் பிடியில்தான் இருக்கும். கோப்புறையில் மாற்றம் நடப்பதைக் கவனிக்கும் வாட்சரைப் பென்டிரைவின்மேல் வைத்தாலும் அதே கதை. என் முறை எளியது: தேவையான கோப்புகளை முதலில் கணினியின் தற்காலிகக் கோப்புறைக்கு நகலெடுத்துவிட்டு, முன்னோட்டமும் பிரிண்டும் அங்கிருந்தே நடக்கட்டும். பென்டிரைவைத் தொடும் நேரம் நகலெடுக்கும் நேரத்தோடு முடிந்துவிடும்.

நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் பாதுகாப்பாகக் கழற்றக் கேட்டால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அனுமதி கேட்கும் மெசேஜ் 32769. இது எல்லோருக்கும் பொதுவாக வருவதில்லை, கேட்டுப் பெற வேண்டும். டிரைவின் வேர்க் கோப்புறையை ஒரு ஹேண்டிலாகத் திறந்து, அந்த ஹேண்டிலைக் கொடுத்து ரெஜிஸ்டர்டிவைஸ்நோட்டிஃபிகேஷனில் வகை 6 ஆகப் பதிவு செய்யுங்கள். பிறகு வரிசை இப்படி:

32769 வந்ததும் நகலெடுப்பை நிறுத்தி, கோப்புகளையும் அந்த வேர் ஹேண்டிலையும் மூடிவிட்டுச் சம்மதம் என்று திரும்ப வேண்டும். பதிவை மட்டும் இப்போது நீக்கக் கூடாது. வேறு ஏதாவது நிரல் மறுத்துவிட்டால் 32770 வரும். அப்போது பழைய பதிவை நீக்கி, வேர்க் கோப்புறையை மறுபடி திறந்து, புதிதாகப் பதிவு செய்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எல்லோரும் சம்மதித்தால் 32772 வரும். பதிவை அப்போது நீக்குங்கள். 32769-லேயே பதிவையும் நீக்கிவிட்டால், மறுத்தார்களா சம்மதித்தார்களா என்பது உங்களுக்குத் தெரியவே வராது. வேர் ஹேண்டிலை மூட மறந்தாலோ நீங்களே தடையாகிவிடுவீர்கள். காவலுக்கு வைத்தவரே வழியை அடைத்த கதை.

"கழற்றலாம்" என்று ஒரு பொத்தானை உங்கள் நிரலிலேயே வைக்க விரும்பினால் ஓர் எச்சரிக்கை. யுஎஸ்பி சாதனத்தையே வெளியேற்றும் அழைப்பு பென்டிரைவுக்கும் ஹார்டு டிஸ்குக்கும் சரி. மேசையில் நிரந்தரமாகப் பொருத்திய கார்டு ரீடரில் அதைச் செய்தால் ரீடரே மறைந்துவிடும். அதன் கேபிளைக் கழற்றிச் செருகும் வரை எந்தக் கார்டும் தெரியாது. கார்டு ரீடருக்கு வால்யூமைப் பூட்டி, இறக்கி, ஊடகத்தை வெளியேற்றும் மூன்று கட்டளைகளை அந்தத் துளைக்கு மட்டும் அனுப்புங்கள்.

12. சொல்லாமல் பிடுங்கப்படுதல்

விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து விரைவாக அகற்றும் கொள்கையே இயல்பாக இருக்கிறது. அது எழுதுவதைத் தாமதப்படுத்தி வைப்பதில்லை என்பதற்கு மேல் வேறு உறுதி எதையும் தராது. படித்துக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் படிப்பு உடையத்தான் செய்யும்.

அப்படிப் பிடுங்கும்போது 32769 வராது, நேரே 32772 தான். அதுவும் வருவதற்கு முன்பே உங்கள் நகலெடுக்கும் திரெட்டுக்குப் பிழை வந்துவிடலாம்: 21, 1167, 3 என்று எதுவாகவும் இருக்கும். ஆகவே கழற்றியதை அறிய மெசேஜை மட்டும் நம்பக் கூடாது. இந்தப் பிழைகளில் எது வந்தாலும் நகலெடுப்பை நிறுத்தி, உடனே ஒரு கணக்கெடுப்பைத் தொடங்குங்கள். 32772 கிடைத்த பிறகு அந்த டிரைவிடம் பெயரையோ கொள்ளளவையோ கேட்காதீர்கள், பதில் சொல்ல அங்கே எதுவும் இல்லை. திரையில் காட்ட வேண்டியதைச் செருகியபோதே குறித்து வைத்திருக்க வேண்டும்.

நகலெடுக்கும் கோப்புக்கு முதலில் ஒரு தற்காலிகப் பெயர் கொடுத்து, முழுதாக வந்தபின் உண்மைப் பெயரை வைப்பது பாதிப் படம் பிரிண்ட் ஆவதைத் தடுக்கும். இதைச் செய்யாத நாட்களில், முகம் வரை வந்து கீழே சாம்பல் நிறமாக நின்ற ஒரு பாஸ்போர்ட் படத்தை எட்டுப் பிரதி அடித்திருக்கிறோம்.

13. கணினி உறங்கி எழும்போது

மதியம் கடையைச் சாத்தும்போது லேப்டாப்பை மூடிவிட்டுப் போவார்கள்; அந்த இடைவெளியில் பென்டிரைவ் மாறியிருக்கலாம். பவர்பிராட்காஸ்ட் மெசேஜின் எண் 536; அதில் முதல் அளவுரு 18 ஆக வந்தால் கணினி விழித்துவிட்டது என்று பொருள். அதே 500 மில்லிசெகண்டு டைமரைத் தொடங்கி முழுக் கணக்கெடுப்பு நடத்துங்கள். எழுத்து மாறாமல் பென்டிரைவ் மட்டும் மாறியிருக்கலாம் என்பதால், இங்கே வால்யூம் சீரியல் எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

14. விண்டோ இல்லாத இடங்கள்

விண்டோஸ் சர்வீஸாக, அதாவது திரைக்குப் பின்னால், ஓடும் நிரலுக்கு விண்டோ கிடையாது. ரெஜிஸ்டர்டிவைஸ்நோட்டிஃபிகேஷன் அழைப்பில் சர்வீஸின் ஹேண்டிலைக் கொடுத்தால், சர்வீஸின் கட்டுப்பாட்டுச் செயற்கூறுக்குக் கட்டளை எண் 11 ஆகத் தகவல் வரும். விண்டோஸ் 8 முதல் சிஎம் ரெஜிஸ்டர் நோட்டிஃபிகேஷன் என்ற கால்பேக் வழியும் (நிகழ்வு நடந்ததும் விண்டோஸே உங்கள் செயற்கூறைக் கூப்பிடும்) இருக்கிறது; கால்பேக்குக்குள்ளிருந்தே அந்தப் பதிவை நீக்க முயலக் கூடாது, நிரல் தன்னையே பூட்டிக்கொள்ளும். இரண்டிலும் சாதன இடைமுகத்துக்கான தகவல் டிரைவ் எழுத்துக்கு முன்பே வரலாம் என்பதால் ஏழாம் படி இன்னும் அவசியமாகிறது. சிறிய ஸ்கிரிப்ட் என்றால் டபிள்யூஎம்ஐ-யின் வால்யூம் மாற்ற நிகழ்வு போதும். அதில் வகை 2 வருகை, 3 போக்கு.

லினக்ஸில் யூடெவ் (சாதனங்களின் வரவையும் போக்கையும் கவனிக்கும் பகுதி) மானிட்டரை பிளாக் துணைமுறைமைக்கு, அதாவது டிஸ்க் வகைச் சாதனங்களுக்கு மட்டும், வடிகட்டித் திறந்து, பிறகே இருப்பவற்றை எண்ண வேண்டும். நான்காம் படியின் அதே காரணம். கெர்னலின் நேரடி நிகழ்வை விட யூடெவ் செயலாக்கி முடித்த நிகழ்வைக் கேளுங்கள், கோப்பு முறைமையின் வகையும் அடையாள எண்ணும் அதில்தான் இருக்கும். பார்ட்டிஷன் இல்லாமல் முழு டிஸ்கையும் ஃபார்மட் செய்த பென்டிரைவ்களும் உண்டு என்பதால் பார்ட்டிஷன் நிகழ்வுக்காக மட்டும் காத்திருக்கக் கூடாது. யூடெவ் விதியிலிருந்தே மவுன்ட் செய்வதும், நீண்ட நேரம் ஓடும் நிரலைத் தொடங்குவதும் வேண்டாம். விதியிலிருந்து பிறந்த வேலைகளை யூடெவ் கொன்றுவிடும். மவுன்ட் செய்வதற்கு யூடிஸ்க்ஸ் என்னும் சர்வீஸ் இருக்கிறது.

15. சோதிக்கும் வரிசை

முதலில் நிரல் ஓடும்போது செருகுங்கள். பிறகு செருகியபடியே நிரலைத் தொடங்குங்கள். அடுத்து, இரண்டு பென்டிரைவ் உள்ள ஹப்பை ஒரே இழுப்பில் பிடுங்குங்கள்: இரண்டும் பட்டியலிலிருந்து போக வேண்டும். கார்டு ரீடரை வெறுமையாகச் செருகுங்கள். நான்கு புதிய எழுத்துகள் வந்தாலும் திரையில் எதுவும் தெரியக் கூடாது, ஒரு துளையில் கார்டைப் போட்டதும் அந்த ஒன்று மட்டும் தெரிய வேண்டும். ஃபார்மட் செய்யாத பென்டிரைவுக்கு இரண்டு நொடிக்குள் செய்தி வர வேண்டும். நகலெடுப்பு பாதியில் இருக்கும்போது ஒருமுறை பாதுகாப்பாகவும் ஒருமுறை முரட்டுத்தனமாகவும் கழற்றுங்கள்.

கடைசியாக, கோப்பு உரையாடல் பெட்டியைத் திறந்து, பென்டிரைவுக்குள் போய், எதையும் தேர்ந்தெடுக்காமல் ரத்து செய்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். நடப்புக் கோப்புறையைத் திருப்பும் அந்த ஒரு வரியைக் கோப்பு தேர்ந்தெடுக்கப்பட்டால் மட்டும் ஓடும் இடத்தில்தான் நான் முதலில் எழுதியிருந்தேன். அக்கா இரண்டாம் முறை கூப்பிட்டது அதற்காக.